பெயர் தெரியாத காய்ச்சலும் ஒரு நெடிய தொண்டும்

கைவிளக்கேந்திய காரிகை என்றதும் நம் மனக்கண்ணில் எழுவது ஒரு போர்க்கால மருத்துவமனை. இருண்ட கூடம், வரிசை வரிசையாய்க் காயமுற்ற வீரர்கள், நள்ளிரவில் விளக்குடன் அவர்களிடையே நடந்து செல்லும் மெலிந்த உருவம். பள்ளிப் பாடநூல்கள் தீட்டிக் காட்டிய அந்தச் சித்திரம் உண்மையானதே. ஆயினும் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் தொண்ணூறு ஆண்டுகள் வாழ்ந்தவர். விளக்கேந்தி நடந்த காலம் அதில் இரண்டு ஆண்டுகள்கூட இல்லை. முப்பத்தாறாம் வயதில் தாயகம் திரும்பிய பின் இன்னும் ஐம்பத்து நான்கு ஆண்டுகள் அவர் இருந்தார். அவற்றுள் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு பெரும்பாலும் ஓர் அறைக்குள், கட்டிலிலும் சாய்விருக்கையிலுமாகக் கழிந்தது. வருவதும் தணிவதும் மீண்டும் வருவதுமாய் இருந்த ஒரு காய்ச்சலும் அதன் துணை நோய்களும் அவரை அங்கே கட்டிப் போட்டிருந்தன. அந்நோய் இன்னதென்று சொல்ல அக்கால மருத்துவர் எவராலும் இயலவில்லை. நம் பாரத நாட்டின் மக்களுக்காக அவர் செய்த பணியின் பெரும்பகுதி அந்த நோயறையில்தான் நடந்தது.

அழைப்பும் காத்திருப்பும்

1820 மே 12 அன்று, பெற்றோர் இத்தாலியில் தங்கியிருந்தபோது, ஃப்ளாரன்ஸ் நகரில் அவர் பிறந்தார். ஊரின் பெயரே குழந்தைக்கும் சூட்டப்பட்டது. தந்தை வில்லியம் செல்வந்தர், கல்வியில் நாட்டமுள்ளவர், இரு பெண்மக்களுக்கும் கிரேக்கமும் இலத்தீனும் வரலாறும் தத்துவமும் தாமே கற்பித்தார். இளைய மகளுக்குக் கணிதத்தின் மீது தனிப்பற்று இருந்தது.

1837 பிப்ரவரியில், பதினாறு வயது நிரம்பிய நிலையில், இறைவன் தம்மைத் தொண்டுக்கு அழைத்ததாக அவர் உணர்ந்தார். அழைப்பு தெளிவாயிருந்தது, எத்தொண்டுக்கு என்பது தெளிவாயில்லை. நோயாளிகளைப் பேணுவதே தம் வழி என்று கண்டுகொள்ளச் சில ஆண்டுகள் சென்றன. அதற்குக் குடும்பத்தாரின் இசைவைப் பெற அதைவிட நீண்ட காலம் பிடித்தது. அந்நாளில் இங்கிலாந்தில் மருத்துவமனைச் செவிலியர் பணி மதிப்பற்ற கூலிவேலையாகக் கருதப்பட்டது. உயர்குடிப் பெண் அங்கே கால் வைப்பதா என்று தாயும் தமக்கையும் கலங்கினர். நல்லவர் ஒருவர் பல ஆண்டுகள் காத்திருந்து மணம் கேட்டார், அவரையும் மறுத்தார். 1851ல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் நகரில் சமயத் தொண்டர்கள் நடத்திய நிலையத்தில் மூன்று திங்கள் பயின்றார். 1853ல் இலண்டனில் ஒரு சிறு மருத்துவ இல்லத்தின் பொறுப்பு அவரிடம் வந்தது.

அடுத்த ஆண்டு கிரிமியப் போர் மூண்டது. போர்த்துறைச் செயலராயிருந்த சிட்னி ஹெர்பர்ட் அவருடைய நண்பர். அவர் வேண்டுகோளின்படி முப்பத்தெட்டுச் செவிலியருடன் 1854 நவம்பர் தொடக்கத்தில் துருக்கியின் ஸ்குட்டாரிக்குச் சென்று சேர்ந்தார். அங்கு நடந்தவை பலரும் அறிந்தவை. காயத்தால் இறந்தவரைவிடக் கழிச்சலாலும் காய்ச்சலாலும் இறந்தவரே பன்மடங்கு அதிகம். 1855 மார்ச்சில் இலண்டனிலிருந்து வந்த சுகாதாரக் குழு மருத்துவமனையின் அடியிலிருந்த சாக்கடைகளைச் சீர்செய்த பின்னரே சாவு விரைவாகக் குறைந்தது.

பாலக்லாவாவில் பிடித்த காய்ச்சல்

1855 மே மாதம் போர்முனையிலுள்ள மருத்துவமனைகளைப் பார்வையிட அம்மையார் கருங்கடலைக் கடந்து பாலக்லாவா சென்றார். சென்ற சில நாட்களில் கடுங்காய்ச்சல் பற்றியது. குன்றின் மேலிருந்த கோட்டை மருத்துவமனைக்கு வீரர்கள் அவரைத் தூக்குக் கட்டிலில் சுமந்து சென்றனர். நினைவு தடுமாறியது, பிதற்றினார், தலைமுடியைக் கத்தரித்தனர். பிழைப்பாரோ மாட்டாரோ என்று இரு வாரங்கள் படை முழுவதும் கலங்கி நின்றது. படைத்தலைவர் ரேக்லன் பிரபுவே நேரில் வந்து பார்த்தார். மருத்துவர்கள் அதைக் கிரிமியக் காய்ச்சல் என்றனர். அது ஒரு நோயின் பெயரன்று. அந்நிலத்தில் வந்த பலவகைக் காய்ச்சல்களுக்கும் பொதுவாக இட்ட பெயர்.

மரக்குடிலில் படுத்திருந்த அந்த நாட்களை அவர் மறக்கவில்லை. சாளரத்தின் வழியே வெளியே பார்க்க முடியாமல், சுவர்ப்பலகையின் கணுக்களையே நாள் முழுதும் பார்த்துக்கொண்டிருப்பது காய்ச்சல்காரனுக்கு எத்தகைய வதை என்பதைப் பின்னாளில் எழுதினார். யாரோ அனுப்பிய காட்டுப்பூங்கொத்து ஒன்று கைக்கு வந்ததிலிருந்தே தாம் விரைவாகத் தேறத் தொடங்கியதாகவும் குறித்திருக்கிறார்.

தேறினார், ஆனால் முழுதும் தேறவில்லை. இங்கிலாந்துக்குத் திரும்பி ஓய்வெடுக்குமாறு வேண்டினர். மறுத்து ஸ்குட்டாரிக்கே மீண்டார். அவ்வாண்டின் பிற்பகுதியில் இடுப்பிலிருந்து கால்வரை இறங்கும் கடும் நரம்புவலி வந்தது. போர் முடிந்து கடைசி வீரர்களும் புறப்படும் வரை பணியில் இருந்துவிட்டு, 1856 ஆகஸ்டில், வரவேற்புகளைத் தவிர்ப்பதற்காக மாற்றுப் பெயரில் பயணம் செய்து, ஓசையின்றி வீடு வந்து சேர்ந்தார்.

வெப்பமானி இல்லாத காலம்

வீடு திரும்பியவர் ஓய்வு கொள்ளவில்லை. மடிந்த பதினாயிரக்கணக்கான வீரர்களின் சாவுக்குக் காரணம் கண்டு, மீண்டும் அவ்வாறு நேராமல் செய்ய வேண்டும் என்ற ஒரே எண்ணம் அவரை ஆட்கொண்டிருந்தது. அரசியாரைச் சந்தித்து வேண்டி, இராணுவச் சுகாதாரம் பற்றிய அரச ஆணையம் அமையச் செய்தார். இரவும் பகலும் அதற்கான கணக்குகளைத் தொகுத்தார். 1857 ஆகஸ்டில் உடல் ஒரேயடியாகச் சரிந்தது. நெஞ்சுப் படபடப்பு, மூச்சிளைப்பு, உறக்கமின்மை, உணவைக் கண்டாலே குமட்டல், விட்டுவிட்டு வரும் காய்ச்சல், எழ முடியாத சோர்வு. மால்வெர்ன் என்னும் ஊருக்குச் சென்று அந்நாளில் புகழ்பெற்றிருந்த நீர்ச்சிகிச்சை செய்துகொண்டார். மரணம் நெருங்கிவிட்டதென்று அவரும் நம்பினார். அவ்வாண்டின் இறுதியில், தாம் இறந்த பின் ஹெர்பர்ட்டிடம் சேர்ப்பிக்குமாறு ஒரு கடிதமும் எழுதி வைத்தார்.

சாவு வரவில்லை, உடல்நலமும் வரவில்லை. சில வாரங்கள் தெளிவாயிருப்பார், மீண்டும் சாய்வார். மருத்துவர்கள் இதயம் விரிந்திருக்கலாம் என்றனர். நரம்புத் தளர்ச்சி என்றனர். மிகை உழைப்பின் விளைவு என்றனர். ஆளுக்கொரு காரணம் கூறினாலும் அறிவுரையில் மட்டும் ஒன்றுபட்டனர்: முழு ஓய்வு.

இங்கு ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். இன்று வீட்டுக்கு வீடு வெப்பமானி இருக்கிறது. நூறோ நூற்றொன்றோ காட்டினால், உடம்பு சரியில்லை என்பதற்கு அதுவே சான்று. 1857ல் அந்தச் சான்று இல்லை. மருத்துவர் நெற்றியைத் தொட்டும் நாடி பிடித்துமே காய்ச்சலை அறிந்தார். சட்டென்று பயன்படுத்தத்தக்க சிறு வெப்பமானியை ஆல்பட் என்னும் ஆங்கில மருத்துவர் உருவாக்கியது 1860களின் பிற்பகுதியில். காய்ச்சலின் ஏற்ற இறக்கங்களை அளந்து வகைப்படுத்தி ஜெர்மானியர் வுண்டர்லிஷ் பெருநூல் வெளியிட்டது 1868ல். மாலையில் மெல்ல ஏறி, வியர்த்து, காலையில் தணியும் காய்ச்சல் உள்ளவர் சொல்வதை நம்பினால் உண்டு. நம்பாவிட்டால் காட்டுவதற்கு ஒன்றுமில்லை.

நம்பாதவர்களும் இருந்தனர். தாயும் தமக்கையும் வந்து தங்கப் போவதாகச் செய்தி வரும்போதெல்லாம் அம்மையாருக்கு நோய் முற்றியதை அருகிலிருந்தோர் கவனித்தனர். வேண்டாதவரைத் தவிர்க்க நோயைக் கேடயமாக்குகிறார் என்ற பேச்சு அன்றே எழுந்தது. 20ஆம் நூற்றாண்டில் சில வாழ்க்கை வரலாற்றாசிரியர்களும் அதையே விரித்தெழுதினர். ஸ்குட்டாரியின் சாக்கடைகளே வீரர்களைக் கொன்றன என்ற உண்மை கணக்குகளின் வழியே 1857ல் தெரியவந்தபோது உண்டான குற்ற உணர்வே அவரை வீழ்த்தியது என்று 1998ல் வெளிவந்த ஒரு நூல் வாதிட்டது. இவற்றில் ஓரளவு உண்மை இருக்கலாம். மனம் நொந்தால் உடல் தளரும்; தளர்ந்த உடலை உறவினர் கூட்டம் மேலும் களைப்பிக்கும். ஆயினும் மனத்துயரமே முழுக் காரணம் என்றால், ஆண்டுக்கணக்கில் நீடித்த முதுகெலும்பு வலியையும் நடக்கவியலாமையையும் விளக்குவது எளிதன்று.

வலிமையை எண்ணிச் செலவிடல்

நோய் தீருமென்ற நம்பிக்கை போனபின் அம்மையார் தம் வாழ்வை நோயின் அளவுக்கு வெட்டி ஒழுங்குபடுத்திக்கொண்டார். ஏழைக் குடும்பத்தலைவி அரிசியை அளந்து உலையிடுவதுபோல, ஒவ்வொரு நாளும் கிடைத்த சிறு வலிமையை அளந்து செலவிட்டார். விருந்துகள், பொதுக்கூட்டங்கள், பாராட்டு விழாக்கள் அனைத்தையும் விலக்கினார். முன்கூட்டியே நேரம் குறித்து, ஒரு நேரத்தில் ஒருவரை மட்டுமே சந்தித்தார். அமைச்சராயினும் அரச குடும்பத்தவராயினும் இதே விதிதான். உடல் இடம் தராத நாளில், கீழ்த்தளத்தில் காத்திருப்பவருடன் மேல்மாடியிலிருந்து சிறு சீட்டுகள் எழுதியனுப்பியே உரையாடினார். பேசுவது களைப்பூட்டியது, எழுதுவது அவ்வளவு களைப்பூட்டவில்லை. விடியலுக்கு முன்பே விழித்துக்கொள்ளும் வழக்கமுடையவர். படுக்கையில் சாய்ந்தபடி பென்சிலால் எழுதிக் குவித்தார். அவர் எழுத்துகளின் தொகுப்பு 2001 முதல் 2012 வரை பதினாறு பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. துணைக்குப் பூனைகள் இருந்தன. எழுதிய தாள்களின்மீது அவை நடந்து பதித்த மைக்கால் தடங்கள் சில கடிதங்களில் காணப்படுகின்றன.

செவிலியம் பற்றிய அவரது புகழ்பெற்ற சிறுநூல் 1859ல் எழுதப்பட்டது. தூய காற்று, வெளிச்சம், தூய்மை ஆகியவை பற்றி அது கூறுவதைப் பலரும் எடுத்துக்காட்டுவர். நோயாளியின் பக்கத்திலிருந்து எழுதப்பட்ட பகுதிகளே அதில் மிகவும் ஆழமானவை என்று தோன்றுகிறது. கதவுக்கு வெளியே நின்று மருத்துவரும் உறவினரும் கிசுகிசுப்பது நோயாளியை எப்படி வதைக்கும். எதிர்பாராத ஓசை எப்படி நெஞ்சைப் பதற வைக்கும். பார்க்க வருவோர் விரைவில் குணமாகிவிடும் என்று பொறுப்பின்றிச் சொல்லும் ஆறுதலும், கேட்காமல் வழங்கும் வைத்திய யோசனைகளும் எவ்வளவு சுமை. காலையில் நன்றாகத் தோன்றியவர் மாலையில் ஏன் துவள்கிறார் என்பது பிறருக்கு ஏன் புரிவதில்லை என்றெல்லாம் அவர் எழுதினார். நெடுநாள் நோயாளிக்குச் சிறு வளர்ப்பு விலங்கு நல்ல துணை என்பதையும் சேர்த்துக்கொண்டார். நீண்ட நோய் கண்ட எவரும் அப்பக்கங்களைப் படித்தால் தம் மனத்திலிருந்ததை யாரோ எழுதிவிட்டதாகவே உணர்வர்.

மக்கள் திரட்டித் தந்த நிதியைக் கொண்டு 1860ல் இலண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. உலகெங்கும் பின்பற்றப்பட்ட அப்பள்ளியை அவர் நாள்தோறும் சென்று நடத்தவில்லை. அறிக்கைகளையும் கடிதங்களையும் படித்து, படுக்கையிலிருந்தே வழிகாட்டினார்.

பிறர் நோயைக் காணாத கண்கள்

இந்த வாழ்வின் இருண்ட பக்கத்தையும் மறைப்பதற்கில்லை. தம் மரணம் இன்றோ நாளையோ என்று எண்ணியிருந்த அம்மையார், அதற்குள் பணி முடிய வேண்டுமென்று தம்மைச் சுற்றியிருந்தவர்களை ஓயாமல் விரட்டினார். தந்தையின் தங்கை மேரி ஸ்மித், கணவரையும் மக்களையும் விட்டு வந்து அவரைத் தாயாய்ப் பேணியவர். 1860ல் அவர் தம் இல்லம் திரும்ப விரும்பியபோது அம்மையார் அதைத் துரோகமாகக் கருதினார். அந்த மனத்தாங்கல் ஆற ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின.

சிட்னி ஹெர்பர்ட்டின் கதை இன்னும் வேதனையானது. அவருக்குச் சிறுநீரக நோய் முற்றியிருந்தது. பணியைக் குறைக்காவிட்டால் உயிர் நிலைக்காது என்று மருத்துவர் எச்சரித்தனர். அம்மையார் அதை முழுதாக ஏற்கவில்லை. படுக்கையில் கிடந்தபடியே தாம் உழைக்கும்போது நடமாடும் ஒருவர் ஏன் தளர வேண்டும் என்பது அவர் எண்ணம். போர்த்துறைச் சீர்திருத்தம் கைகூடாமல் ஹெர்பர்ட் பின்வாங்கியபோது கடிந்துகொண்டார். 1861 ஆகஸ்ட் 2 அன்று, ஐம்பதாம் வயதில், ஹெர்பர்ட் மறைந்தார். கண்ணுக்குத் தெரியாத நோயை உலகம் நம்ப மறுத்ததால் துன்புற்ற ஒருவர், மற்றொருவரின் நோயை நம்ப மறுத்தார் என்பது இவ்வாழ்வில் நெஞ்சை உறுத்தும் செய்தி.

அதே ஆண்டு நவம்பரில், அவருக்குச் செயலர்போல உழைத்த கவிஞர் ஆர்தர் ஹ்யூ கிளஃப், உடல்நலம் தேடிச் சென்ற இடத்தில் இறந்தார். அந்த இடம் அம்மையார் பிறந்த அதே ஃப்ளாரன்ஸ் நகரம். டிசம்பரில் அம்மையாரின் நோய் முன்னெப்போதும் இல்லாத அளவு தாக்கியது. முதுகெலும்பில் பொறுக்கவொண்ணா வலி. ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் நடக்க முடியவில்லை. ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குத் தூக்கிச் செல்ல வேண்டியிருந்தது. வலி தாங்காத வேளைகளில், அப்போது புதிதாய் வந்திருந்த முறைப்படி, தோலின் கீழ் அபினி மருந்து ஊசி வழியே செலுத்தப்பட்டது.

நோயறையும் இந்தியாவும்

அவர் இந்தியாவுக்காக உழைத்த காலமும் இதுவே.

1857 எழுச்சிக்குப் பின், இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படையின் சுகாதாரத்தை ஆராய 1859ல் ஓர் அரச ஆணையம் அமைந்தது. அதன் பின்னணியில் நின்று இயக்கியவர் அம்மையாரே. இந்தியாவின் ஒவ்வொரு படைநிலையத்துக்கும் வினாப்பட்டியல் அனுப்பச் செய்தார். குடிநீர் எங்கிருந்து வருகிறது, கழிவுநீர் எங்கே போகிறது, ஓர் அறையில் எத்தனை பேர் உறங்குகின்றனர் என்பன போன்ற எளிய வினாக்கள். பதில்கள் மூட்டை மூட்டையாய் வந்து நோயறையை நிறைத்தன. மருத்துவர் சதர்லாந்தும் புள்ளியியலாளர் வில்லியம் ஃபாரும் துணை நிற்க, அவற்றைப் படித்துப் பகுத்தார். 1863ல் வெளியான அறிக்கை ஈராயிரம் பக்கங்களுக்கு மேல் நீண்டது. அமைதிக் காலத்திலேயே ஆண்டுக்கு ஆயிரம் வீரர்களில் 69 பேர் இறந்தனர் என்று அது காட்டியது. வெயிலோ விதியோ காரணமன்று. கெட்ட நீரும் வடிகாலின்மையும் நெரிசலுமே காரணம் என்று அம்மையார் தம் குறிப்புரையில் நிறுவினார். தோல்பையில் நீர் சுமக்கும் பிஸ்தியின் படத்தைக் காட்டி, இந்தியாவின் குழாய்நீர் ஏற்பாடு இதுவே என்று எள்ளல் செய்யவும் அவர் தயங்கவில்லை.

1863 டிசம்பரில், வைஸ்ராயாகப் புறப்படவிருந்த சர் ஜான் லாரன்ஸ் அவரை வந்து கண்டு நெடுநேரம் உரையாடினார். அடுத்த ஆண்டு வங்காளம், சென்னை, பம்பாய் மாகாணங்களில் சுகாதார ஆணையங்கள் அமைந்தன. 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபு, கிரிமியப் போர்க்காலத்திலேயே அவருக்கு அறிமுகமானவர். சென்னையிலிருந்து அவருடன் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். சென்னைக் கடற்கரைச் சாலையில் இன்றும் நேப்பியர் பாலம் இவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பத்தாண்டுகளில் படைவீரரின் சாவு ஆயிரத்துக்கு 18 ஆகக் குறைந்ததை 1873ல் அம்மையார் எடுத்துரைத்தார்.

தொடக்கத்தில் அவர் கருத்து ஆங்கிலப் படைவீரர் மீதே இருந்தது. அறிக்கைகளைப் படிக்கப் படிக்க, ஊர்மக்கள் நலமின்றிப் படைவீரர் நலமில்லை என்பது விளங்கியது. பிறகு படைவீரர் பின்னே நகர்ந்தனர். குடியானவர் முன்னே வந்தனர். 1876 முதல் 1878 வரை சென்னை, பம்பாய் மாகாணங்களையும் மைசூரையும் சூறையாடிய தாது வருஷப் பஞ்சம் அவரை உலுக்கியது. பல இலட்சம் பேர் மாண்ட அந்தப் பஞ்சத்தை இங்கிலாந்து கண்டும் காணாமல் இருந்ததைச் சாடி 1878ல் ஒரு கட்டுரை எழுதினார். கடன், கந்துவட்டி, நிலவரி, நீர்ப்பாசனம் என்று பஞ்சத்தின் வேர்களைத் தேடிச் சென்றார். கோதாவரி அணைக்கட்டைக் கட்டிய சர் ஆர்தர் காட்டனின் பாசனத் திட்டங்களை ஆதரித்தார். புனே சார்வஜனிக் சபையுடன் கடிதத் தொடர்பு கொண்டார். தாதாபாய் நவ்ரோஜி பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட்டபோது அவருக்குத் துணைநின்றார். ரிப்பன் பிரபுவின் உள்ளாட்சிச் சீர்திருத்தங்களுக்குக் குரல் கொடுத்தார். இத்தனைக்கும் இந்திய மண்ணில் அவர் கால் பட்டதில்லை. வர விரும்பினார், உடல் இடம் தரவில்லை.

தணிந்த காய்ச்சல்

அருட்செல்வர்களின் நூல்களில் அவருக்கு ஆழ்ந்த ஈடுபாடு இருந்தது. இடைக்காலத்து ஐரோப்பிய ஞானியரின் எழுத்துகளை மொழிபெயர்த்து ஒரு நூலாக்க 1870களில் முயன்றார்; அது முற்றுப்பெறவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியரும் சமயகுருவுமான பெஞ்சமின் ஜோவெட், அவர் படுக்கையருகே வந்து இறைவழிபாடு நடத்துவதுண்டு. விரைவைக் குறைத்துக்கொள், விளைவை எண்ணித் தவிக்காதே என்ற பொருளில் அந்த நண்பர் பல ஆண்டுகள் எடுத்துரைத்தார். நெடுங்காலம் அது காதில் ஏறவில்லை.

எந்த மருந்தாலும் தீராத நோய் மெல்ல மெல்லத் தானே தளர்ந்தது. 1870களில் முதுகுவலி குறைந்தது. முதுமையில் கண்பார்வையும் நினைவும் மங்கிய தாயை, முன்பு விலகியிருந்த அதே மகள் அருகிருந்து பேணினார். தாய் 1880ல் காலமானார். 1882ல் எகிப்திலிருந்து திரும்பிய படைவீரரை வரவேற்க ரயில் நிலையத்துக்குச் சென்றார். அதே ஆண்டு தம் பெயரால் இயங்கிய செவிலியர் இல்லத்துக்குள் முதன்முறையாக அடியெடுத்து வைத்தார். பயிற்சி பெறும் இளம்பெண்களை வீட்டுக்கு அழைத்துத் தேநீர் அளிப்பதும், அவரவர் உடல்நலத்தைக் கேட்டறிவதும், களைத்தவரை விடுமுறையில் அனுப்புவதும் அவருக்கு மகிழ்ச்சி தந்தன. ஹெர்பர்ட்டை விரட்டிய அம்மையாரை அறிந்தவர்களுக்கு இந்த மாற்றம் வியப்பாயிருந்திருக்கும். உடல் பருத்து, முகம் மலர்ந்து, இளமையில் காணாத ஓர் அமைதி அவரிடம் குடிகொண்டது. எழுபத்து நான்காம் வயதிலும் இந்தியக் கிராமச் சுகாதாரம் பற்றிக் கட்டுரை எழுதினார்.

இதற்கிடையே நோயின் பெயர் வேறொரு மூலையில் வெளிப்பட்டுக்கொண்டிருந்தது. 1860களின் தொடக்கத்தில் மார்ஸ்டன் என்னும் இராணுவ மருத்துவர், மால்டா தீவில் பலரையும் தம்மையும் தாக்கிய நீண்ட, விட்டுவிட்டு வரும் காய்ச்சலை விவரித்தார். அது வெளிவந்தது இராணுவ மருத்துவத் துறையின் அறிக்கைத் தொகுப்பில். அம்மையார் போராடிப் பெற்ற புள்ளியியல் சீர்திருத்தத்தால் பிறந்த தொகுப்பு அது. 1887ல் டேவிட் புரூஸ் அதே தீவில் அந்நோயின் கிருமியைக் கண்டார். 1905ல் மால்டா மருத்துவர் ஸாமிட், அது ஆட்டுப்பாலின் வழியே பரவுவதை நிறுவினார். புரூஸின் பெயரால் புரூசெல்லா என்று பின்னர் அக்கிருமி அழைக்கப்பட்டது. அம்மையாரோ நெடுங்காலம் கிருமிக் கொள்கையை ஐயுற்றவர். அழுக்கும் கெட்ட காற்றுமே நோய் தருவன என்று நம்பியவர்.

அவருடைய கடிதங்களிலுள்ள அறிகுறிகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்து, அவரை வாட்டியது நாட்பட்ட புரூசெல்லா தொற்றாக இருக்கலாம் என்று 1995ல் டேவிட் யங் என்பவர் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். ஏறியிறங்கும் காய்ச்சல், இரவு வியர்வை, முதுகெலும்பு அழற்சி, உறக்கமின்மை, ஆழ்ந்த மனச்சோர்வு ஆகிய அனைத்தும் அந்நோயில் உண்டு. உறுதிப்படுத்த இரத்தமோ திசுவோ இல்லாததால் இது கருத்தாகவே நிற்கிறது. எனினும் பெரும்பாலோர் இதையே பொருத்தமான விளக்கமாகக் கொள்கின்றனர். இந்தியக் கால்நடைகளிடையே இத்தொற்று இன்றும் உண்டு. காய்ச்சாத பாலின் வழியே அது மனிதரைப் பற்றும். இரத்தப் பரிசோதனையால் கண்டறிந்து மருந்துகளால் தீர்க்கவும் முடியும்.

1901 அளவில் அம்மையாரின் கண்ணொளி மறைந்தது. நினைவும் மெல்ல மங்கியது. 1905ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வெளிவந்த இந்தியன் ஒப்பீனியன் இதழில் காந்தியடிகள் அவரைப் போற்றி எழுதினார். 1907ல் அரசு அளித்த ஆர்டர் ஆஃப் மெரிட் விருதைப் பெற்ற முதல் பெண்மணி அவரே. 1910 ஆகஸ்ட் 13 அன்று இலண்டன் சவுத் தெருவிலிருந்த தம் இல்லத்தில், உறக்கத்திலேயே, உயிர் பிரிந்தது. வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்ய அரசு முன்வந்தது. எளிய அடக்கமே போதுமென்று அவர் எழுதி வைத்திருந்ததால், ஹாம்ப்ஷயரின் கிழக்கு வெல்லோ கிராமத்தில் பெற்றோருக்கருகில் புதைத்தனர். கல்லறையில் அவர் பெயர்கூட முழுமையாக இல்லை. முதலெழுத்துகள் இரண்டும் பிறந்த, இறந்த ஆண்டுகளுமே உள்ளன.

அவர் பிறந்த மே 12, 1974 முதல் உலகச் செவிலியர் நாள். காரணம் துலங்காத நெடுநாட்சோர்வால் வாடுவோருக்கான விழிப்புணர்வு நாளாகவும் 1992 முதல் அதே தேதியே கடைப்பிடிக்கப்படுகிறது.